கணிப்பொறி விளையாட்டுகளைத் திருத்தியமைத்தல்: மூலப் பிரதியைக் காக்கும் முறை

கணிப்பொறியில் விளையாடும் சிறுவன் ஒருவன் சில வாரங்களில் அவ்விளையாட்டை வென்றுவிடுகிறான். அதன் பின்னர் அவன் மனத்தில் ஒரு புதிய ஆவல் தோன்றுகிறது. இந்தச் சுவர் ஏன் செங்கல்லாகவே இருக்க வேண்டும், கருங்கல்லாக இருக்கலாகாதா? இந்தக் கதவுக்கு அப்பால் இன்னோர் அறை இருந்தால் என்ன? இவ்வாறு எண்ணத் தொடங்கியவன், விளையாட்டின் கோப்புகள் வைக்கப்பட்டிருக்கும் இடத்தைத் தேடிச் செல்கிறான். அங்கே ஒரு கோப்பைத் திறந்து, எதையோ மாற்றி, சேமித்து மூடுகிறான். மறுநாள் விளையாட்டு திறக்க மறுக்கிறது. பள்ளிக் கணிப்பொறியாக இருப்பின் ஆசிரியரிடம் புகார் வருகிறது. இனிக் கணிப்பொறியில் விளையாட்டே கூடாது என்று ஆசிரியர் உத்தரவிடுகிறார். விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

அவ்வாறு முடிந்துவிட வேண்டியதில்லை. விளையாட்டொன்றைத் திருத்தியமைக்க முயலும் மாணவன், தான் அறியாமலே பல பாடங்களின் வாயிலில் வந்து நிற்கிறான். எண்கள் யந்திரத்தில் எவ்வாறு பதிவாகின்றன, ஆயத்தொலைவுகளைக் கொண்டு ஓர் அறையை எவ்வாறு வரைவது, பல பாகங்கள் கொண்ட சாதனமொன்று பழுதுற்றால் பிழையை எந்த ஒழுங்கில் தேடுவது என்பன போன்றவை அப்பாடங்கள். அவனைத் தடுப்பதைக் காட்டிலும், சேதம் நேராத முறையைக் கற்பிப்பதே தக்கது. அம்முறை மிகவும் எளியது; ஆனால் அதன் காரணத்தை அறியாதவர் அதனை விரைவில் கைவிட்டுவிடுவர். ஆதலின் காரணத்தைச் சற்று விரிவாகவே கூறுவோம்.

இத்தகைய திருத்தங்களை இளைஞர்கள் 'மாட்' என்னும் ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குகின்றனர். மாற்றியமைத்தல் எனப் பொருள்படும் நீண்ட சொல்லொன்றின் குறுக்கம் அது. தமிழில் எழுதும்போது 'மாட்டைச் சேர்த்தான்', 'மாட்டை நீக்கினான்' என்று வேற்றுமை உருபு ஏற்று அது வேறு பொருள் தந்துவிடுகிறது. ஆகவே இங்கே 'திருத்தப்பொதி' என்றும், சுருக்கமாகப் 'பொதி' என்றும் குறிப்பிடுவோம். மாணவரிடம் பேசும்போது 'மாட்' என்றே சொல்லலாம். அவர்களுக்கு ஐயம் எழாது.

சேதம் என்பது யாது?

எது கெடும், எது கெடாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். திருத்தப்பொதியால் கணிப்பொறியின் உறுப்புகளே பழுதடைவது மிக அரிது. நுண்ணிய ஓவியங்கள் நிறைந்த பொதிகளைச் சேர்த்தால் படங்களுக்குரிய நினைவகம் நிரம்பி ஆட்டம் தடுமாறும், மடிக்கணிப்பொறி சூடேறும், விசிறி இரையும். எனினும் இக்காலச் செயலகங்கள் வெப்பம் வரம்பை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்; அதுவும் போதாதெனில் யந்திரம் தானாகவே நின்றுவிடும். காற்றுத் துளைகளில் படிந்த தூசியை நீக்குவதும், மடிக்கணிப்பொறியை மெத்தையின்மீது வைத்து இயக்காதிருப்பதும் சாதாரணமாகப் போதிய பரிகாரங்கள்.

உண்மையில் கெடுபவை வேறு. விளையாட்டின் கோப்புகள் கெடலாம்; அவற்றை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பல வாரங்கள் ஆடிச் சேமித்த நிலை கெடலாம். சிறுவனுக்கு அது பெரிய துயரமே, ஆயினும் உலகம் அழிந்துவிடாது. மூன்றாவதுதான் நம்மைப் போன்றோர் அஞ்சத்தக்கது. அதே யந்திரத்தில் மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் இருக்கும். களப் பணியாளர் கிராமம் கிராமமாகச் சென்று தொகுத்த விவரங்கள் இருக்கும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல் உலாவியில் சேமிக்கப்பட்டிருக்கும். இவை போனால் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

இக்கட்டுரையாளரின் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். மகன் ஒரு விளையாட்டுக்குரிய பொதியொன்றைச் சேர்த்தான், விளையாட்டு நின்றது. நட்டம் அவ்வளவுதான், பத்து நிமிடங்களில் சரிசெய்திருக்கலாம். ஆனால் அவன் பயந்துபோனான். தந்தை வீடு திரும்புமுன் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கருதி, இயக்கமுறைமையையே புதிதாக நிறுவினான். நிறுவும்போது திரையில் தோன்றிய வினாவுக்கு 'ஆம்' என்று விடையளித்தான். வட்டு முழுவதும் துடைக்கப்பட்டது. மொழிபெயர்த்து முடித்திருந்த நான்கு அத்தியாயங்கள் அதனுடன் போயின. அவற்றுக்கு வேறு பிரதி வைத்திராதது யாருடைய குற்றம் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று கண்ட உண்மை ஒன்று உண்டு. பொதி விளைத்த கேட்டைவிட, அச்சத்தால் செய்த பரிகாரம் விளைத்த கேடே பெரிது. எதை மாற்றினோம் என்பது அறியாதபோதுதான் அச்சம் பிறக்கிறது.

'டூம்' காட்டிய வழி

மாற்றியதை மாற்றியபடியே பிரித்தெடுக்க இயல வேண்டும் என்னும் கொள்கை விளையாட்டுத் துறையில் எவ்வாறு வேரூன்றியது என்பதற்கு ஒரு சிறந்த சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் இயங்கிய 'இட் சாஃப்ட்வேர்' என்னும் சிறு நிறுவனம் 1992இல் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் ஈடுபாடு கொண்ட ஆர்வலர்கள், நிறுவனத்தின் உதவியின்றியே, அதன் கோப்புகளை ஆராய்ந்து புதிய தளங்களை அமைத்தனர். ஆனால் அவ்வாறு செய்தவர்கள் விளையாட்டுடன் வந்த கோப்பின் மீதே எழுத நேர்ந்தது. புதியது வந்தவுடன் பழையது மறைந்தது. நகல் எடுத்து வைக்காதவர்கள் மூல ஆட்டத்தை இழந்தனர்.

அந்நிறுவனத்தின் தலைமை நிரலாளரான ஜான் கார்மாக் இதனைக் கண்டு சினங்கொள்ளவில்லை, மகிழ்ச்சியே கொண்டார். 1993 டிசம்பர் 10ஆம் தேதி வெளிவந்த 'டூம்' என்னும் அடுத்த விளையாட்டில், ஆட்டத்தை இயக்கும் நிரலை ஒரு கோப்பாகவும், தளங்கள், ஓவியங்கள், ஒலிகள் ஆகிய தரவுகளை வேறொரு கோப்பாகவும் தெளிவாகப் பிரித்து அமைத்தனர். இத்தரவுக் கோப்புக்கு 'வாட்' என்று பெயர். நிறுவனம் தரும் மூலக் கோப்பு 'ஐவாட்' எனப்படும். ஆர்வலர் எழுதும் இணைப்புக் கோப்பு 'பீவாட்' எனப்படும். விளையாட்டைத் தொடங்கும்போது இன்ன பீவாட்டையும் சேர்த்துக்கொள் என்று ஆணையிட்டால், நிரல் முதலில் மூலத்தைப் படிக்கும். பின்னர் இணைப்பைப் படிக்கும். இரண்டிலும் ஒரே பெயருள்ள பகுதி இருப்பின், பின்னர் வந்ததையே எடுத்துக்கொள்ளும். ஆணையைத் தராமல் தொடங்கினால் பழைய ஆட்டம் பழையபடியே வரும். மூலக் கோப்பில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை.

நம் பதிப்பாசிரியர்கள் பழைய நூல்களை அச்சிட்ட முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பாடபேதம் எதுவாயினும் அதைப் பக்கத்தின் அடியில் தருவார்களேயன்றி, ஏட்டிலுள்ள மூலத்தை அழித்து அதன்மேல் எழுதமாட்டார்கள். உரையாசிரியர் கூறுவது தவறென்று தோன்றினால் உரையை விலக்கிவிட்டு மூலத்துக்குத் திரும்பலாம். ஐவாட் மூலம், பீவாட் உரை.

வாட் கோப்பின் அமைப்பு மிகவும் எளிது. பள்ளியில் விளக்குவதற்கு உகந்தது. முதல் 12 பைட்டுகள் முகப்பு. அவற்றில் முதல் 4 பைட்டுகள் கோப்பின் வகையைக் கூறும் நான்கு எழுத்துகள். அடுத்த 4 பைட்டுகள் உள்ளே எத்தனை துண்டுகள் உள்ளன என்பதைக் கூறும் எண். கடைசி 4 பைட்டுகள் பொருளடக்க அட்டவணை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கூறும் எண். அட்டவணையில் ஒவ்வொரு துண்டுக்கும் 16 பைட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன: துண்டு இருக்கும் இடத்துக்கு 4, அதன் நீளத்துக்கு 4, பெயருக்கு 8.

பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் கருவியொன்றில் இத்தகைய கோப்பைத் திறந்து, மாற்றாமல் பார்த்தால், மூலக் கோப்பாயின் 49 57 41 44 என்றும், இணைப்புக் கோப்பாயின் 50 57 41 44 என்றும் தொடக்கத்தில் காணலாம். முதல் எழுத்து மட்டுமே வேறுபடுவதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்து 10 01 00 00 என்றிருந்தால், தாழ்ந்த மதிப்புள்ள பைட்டு முதலில் எழுதப்படும் வழக்கத்தை அனுசரித்து, 16 உடன் 256ஐக் கூட்டி 272 துண்டுகள் என்று படிக்க வேண்டும். தளத்தின் மூலைகள் ஒவ்வொன்றும் இரண்டு பைட்டுகள் கொண்ட இரு எண்களால், அதாவது கிடை அச்சுத் தொலைவாலும் குத்தச்சுத் தொலைவாலும், குறிக்கப்படுகின்றன. எனவே தளத்தின் எல்லை −32768 முதல் 32767 வரை. ஏன் இந்த எண்கள் என்று கேட்கும் மாணவனுக்கு 2இன் 15ஆம் அடுக்கை விளக்கும் வாய்ப்பு ஆசிரியருக்குக் கிட்டுகிறது.

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய சிறுவன் செய்த பிழை என்ன என்பதும் இதனால் விளங்கும். இத்தகைய கோப்பைச் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து ஓர் எழுத்தைக் கூட்டிச் சேமித்தால், அதற்குப் பின்னுள்ள பைட்டுகள் யாவும் ஓரிடம் தள்ளிப்போகும். அட்டவணையோ பழைய இடங்களையே சுட்டிக்கொண்டிருக்கும். நூலில் ஒரு தாளைச் செருகிவிட்டுப் பொருளடக்கத்தை மாற்றாமல் விட்டதைப் போன்ற நிலைமை. நூலைப் படிக்கும் மனிதர் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். யந்திரம் அவ்வாறு செய்யாது.

தரவுகளை மாற்றுவதுடன் நில்லாமல் ஆட்டத்தின் விதிகளையே மாற்ற விரும்பியவர்களும் இருந்தனர். பகைவனின் வலிமை, ஆயுதத்தின் வேகம் முதலியன தரவுக் கோப்பில் இல்லை. இயக்கும் நிரலிலேயே இருந்தன. அவற்றை மாற்றுவதற்கென எழுந்த 'டிஹாக்டு' என்னும் கருவி, நிரல் கோப்பிலுள்ள பைட்டுகளையே திருத்தியது. நிரலுக்கு வேறொரு நகல் எடுத்து, நகலின்மீது மட்டும் இதனைச் செய்ய வேண்டியது அவசியமாயிற்று. 1997 டிசம்பரில் டூம் விளையாட்டின் மூல நிரலை நிறுவனம் பொதுமக்களுக்கு வெளியிட்டது. அதிலிருந்து தோன்றிய புதிய இயக்கிகளோ அத்திருத்தத்தைத் தனிக் கோப்பாகவே படித்து, நினைவகத்தில் மட்டும் மாற்றத்தைச் செய்துகொள்கின்றன. வட்டிலுள்ள நிரல் தொடப்படுவதில்லை. ஆபத்தான வழியில் தொடங்கிய ஒன்றும் இறுதியில் மூலம், உரை என்னும் ஒழுங்குக்கே வந்து சேர்ந்தது.

பொதிகள் ஒன்றோடொன்று மோதும்போது

ஒரு பொதி மட்டுமே உள்ளவரையில் தொல்லை குறைவு. ஆர்வம் மிகுந்தவர்கள் ஐம்பது, நூறு என்று சேர்த்துக்கொண்டே செல்வர். 2011இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டு இதற்குப் பெயர்பெற்றது. இரு பொதிகள் ஒரே ஊரின் ஒரே கதவை இருவேறு விதமாக மாற்றினால், ஏற்றப்படும் வரிசையில் பின்னர் வருவதே நிலைபெறும். வரிசை மாறினால் விளைவும் மாறும். ஆகவே என்னென்ன பொதிகள் என்பதுடன், எந்த வரிசையில் என்பதையும் எழுதி வைத்தாலன்றிப் பதிவு முழுமை பெறாது.

இவ்விளையாட்டுக்குப் பலர் பயன்படுத்தும் 'மாட் ஆர்கனைசர்' என்னும் மேலாண்மைக் கருவி ஒரு நல்ல தந்திரத்தைக் கையாளுகிறது. ஒவ்வொரு பொதியையும் அதற்கெனத் தனிக் கோப்புறையில் வைக்கிறது. விளையாட்டு தொடங்கும் வேளையில் மட்டும், அவை யாவும் ஒரே இடத்தில் இருப்பதைப் போன்ற தோற்றத்தை விளையாட்டுக்குக் காட்டுகிறது. விளையாட்டை மூடியவுடன் தோற்றமும் மறைகிறது. பொதியை நீக்குவதென்றால் ஒரு குறியை எடுத்துவிடுவதே வேலை.

ஆயினும் ஒரு கண்ணி இங்கே உண்டு. பொதியை நீக்கினாலும், அது இருந்தபோது சேமித்த ஆட்டநிலையில் அதன் எச்சங்கள் தங்கிவிடும். இல்லாத பொருளைத் தேடிச் சேமிப்பு தடுமாறும். எனவே பொதியைச் சேர்க்குமுன் சேமிப்புகளுக்கும் தனி நகல் எடுத்தல் வேண்டும். பொதியை நீக்கும்போது அந்தப் பழைய சேமிப்புக்கே திரும்புதல் வேண்டும். பலர் முதல் நகலை எடுப்பர், இரண்டாவதை மறப்பர்.

64 பொதிகளில் ஒன்றே குற்றவாளி என்று கொள்வோம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பின் 63 சோதனைகள்கூடத் தேவைப்படலாம். பாதியை நீக்கிப் பார்த்து, பிழை எந்தப் பாதியில் உள்ளதோ அதனை மீண்டும் பாதியாக்கிச் சென்றால், 32, 16, 8, 4, 2, 1 என்று ஆறே சோதனைகளில் குற்றவாளி அகப்படும். இரு பொதிகள் கூடிச் செய்யும் பிழைக்கு இது நேராகப் பயன்படாது என்பதையும், ஒன்றை நம்பி மற்றொன்று இயங்கும் பொதிகளைப் பிரிக்கலாகாது என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பொதி என்று சேர்த்து வந்தவனுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது. நேற்றுச் சேர்த்ததே குற்றவாளி.

தரவு வேறு, நிரல் வேறு

இதுவரை கூறியவை தற்செயலாக நேரும் பிழைகள். பிறர் வேண்டுமென்றே விளைக்கும் தீங்கு வேறு வகையானது. அதனை விளங்கிக்கொள்ள, பொதிக்குள் இருப்பது வெறும் தரவா, அன்றிக் கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரலா என்ற வினா முதன்மையானது. ஓவியமும் ஒலியும் தளத்தின் வரைபடமும் தரவுகள். அவை தாமாக எதையும் செய்யமாட்டா. நிரலோ, அதனை இயக்கும் மனிதருக்கு என்னென்ன உரிமைகள் உண்டோ அத்தனையையும் தானும் பெறும். அவர் படிக்கக்கூடிய கோப்புகளை அதுவும் படிக்கும். அவர் அனுப்பக்கூடிய இடத்துக்கு அதுவும் அனுப்பும்.

'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் ஜாவா பதிப்புக்கு எழுதப்படும் பொதிகள் இத்தகைய முழு நிரல்களே. 2023 ஜூன் மாதத் தொடக்கத்தில், அவற்றை விநியோகிக்கும் 'கர்ஸ்ஃபோர்ஜ்', 'பக்கிட்' ஆகிய பிரபலமான தளங்களிலேயே நச்சு கலந்த பொதிகள் இருந்தமை தெரியவந்தது. 'ஃப்ராக்ச்சரைசர்' என்று அந்நச்சு நிரலுக்குப் பெயரிட்டனர். நம்பகமான ஆசிரியர்கள் சிலருடைய கணக்குகளைக் கைப்பற்றி, அவர்கள் பெயரிலேயே அவை ஏற்றப்பட்டிருந்தன. அந்நிரல் கணிப்பொறியிலிருந்த பிற பொதிகளிலும் புகுந்து தன்னைப் பெருக்கிக்கொண்டது. உலாவியில் சேமித்த நுழைவு விவரங்களைத் திருடியது. பணப்பை முகவரியை நகலெடுத்து ஒட்டும் தருணத்தில் அதற்குப் பதிலாக வேறொரு முகவரியை வைத்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இது இயங்கக்கூடியது. அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, 'ஸ்லே த ஸ்பயர்' என்னும் விளையாட்டுக்குரிய 'டவுன்ஃபால்' என்ற புகழ்பெற்ற பொதியிலும் இதனையொத்த நிகழ்ச்சி நேர்ந்தது. ஆக்கியோரின் கணக்கு கைப்பற்றப்பட்டு, கடவுச்சொற்களைத் திருடும் நிரல் 'ஸ்டீம்' வாயிலாகவே சிலருக்குச் சென்றடைந்தது.

'நம்பத்தக்க இடத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்க' என்பது நல்ல புத்திமதி. ஆயினும் அது மட்டும் போதாது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. இடமும் ஆசிரியரும் நம்பத்தக்கவர்களாகவே இருந்தனர். ஆதலின் நம்பிக்கை பொய்த்தாலும் இழப்பு சிறிதாக இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வதே விவேகம். வங்கி வேலைக்கும் அலுவலக வேலைக்கும் பயன்படும் கணிப்பொறியில் நிரல் வகைப் பொதிகளைச் சேர்க்கலாகாது. வேறு யந்திரம் இல்லையெனில், நிர்வாக உரிமையற்ற தனிப் பயனர் கணக்கொன்றை விளையாட்டுக்கென உண்டாக்கி, அதன் உலாவியில் எக்கடவுச்சொல்லையும் சேமிக்காமல் வைத்தல் வேண்டும். புதிதாக வெளியான பொதியைச் சில நாட்கள் கழித்தே இறக்கிக்கொள்வதும் பயன் தரும். நச்சுக் கலப்பு பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடுகிறது.

பொதியைச் சேர்க்க நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டாலோ, நச்சுத் தடுப்பு மென்பொருளைச் சற்று நிறுத்திவைக்கும்படி குறிப்புத் தாளில் எழுதியிருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுக. விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் பின்னொட்டை மறைத்துக் காட்டும். அதனை வெளிப்படையாகக் காட்டும்படி அமைத்துக்கொண்டால், ஓவியம் போல் வேடமிட்டு வரும் நிரலை இனங்காணலாம். பள்ளிகள் பலவற்றில் இன்னமும் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. அத்தகைய யந்திரத்தில் வெளியார் எழுதிய நிரல்களைச் சோதித்தல் தகாது.

பள்ளியில் செய்து பார்த்தல்

மாணவர்க்குத் தொடக்கப் பயிற்சியாக எதனைக் கொடுக்கலாம்? டூம் கற்பதற்கு எளிதாயினும், அதன் ஆட்டம் துப்பாக்கியும் இரத்தமும் நிறைந்தது. சிறுவர்க்கு நாம் பரிந்துரைக்கமாட்டோம். மேல்வகுப்பினர் ஆராய விரும்பினால், 'ஃப்ரீடூம்' என்னும் இலவசத் திட்டம் தரும் மூலக் கோப்பைக் கொண்டு மேலே கூறிய பைட்டுகளைப் பார்க்கலாம். அதனைப் பகிர்வதற்கும் தடையில்லை.

பள்ளிக்கு ஏற்றது 'லுவான்டி' என்பதே எம் கருத்து. கட்டைகளை அடுக்கி உலகம் சமைக்கும் வகையைச் சேர்ந்த இந்தக் கட்டற்ற மென்பொருள் 2010இல் தொடங்கப்பெற்று 'மைன்டெஸ்ட்' என வழங்கி வந்தது. 2024 அக்டோபரில் பெயர் மாறியது. படைப்பு எனப் பொருள்படும் ஃபின்னிஷ் மொழிச் சொல்லையும், பொதிகள் எழுதப்படும் 'லூவா' மொழியின் பெயரையும் இணைத்துச் செய்த பெயர் இது. பழைய கணிப்பொறிகளிலும் ஓடும். முக்கியமாக, இதில் எழுதப்படும் பொதிகள் தமக்குரிய எல்லையைத் தாண்டிப் பிற கோப்புகளைத் தொடாதவாறு ஒரு காவல் வழக்கமாகவே அமைந்திருக்கிறது. அந்தக் காவலை நீக்கும்படி கேட்கும் பொதியை மாணவர் சேர்க்கலாகாது.

ஒரு பொதி என்பது இங்கே ஒரு கோப்புறை. அதில் பொதியின் பெயரைக் கூறும் சிறு கோப்பும், லூவா நிரலும், ஓவியங்களுக்கான உட்கோப்புறையும் இருக்கும். பக்கத்துக்கு 16 புள்ளிகள் கொண்ட சதுர ஓவியத்தை மாணவன் தானே வரைந்து, சில வரிகள் நிரல் எழுதினால், புதிய கருங்கல் ஒன்று உலகில் தோன்றும். நிரலில் காற்புள்ளி ஒன்றை விட்டுவிட்டால் ஆட்டம் தொடங்காது. ஆனால் எந்தக் கோப்பில் எந்த வரியில் பிழை என்பதைத் திரையில் காட்டும். இவ்வளவு நாணயமாகப் பிழையைச் சொல்லும் ஆசான் எளிதில் கிடைப்பதில்லை. பொதியை நீக்கிவிட்டு அதே உலகைத் திறந்தால், கருங்கல் வைத்த இடங்களில் 'அறியாப் பொருள்' என்னும் குறியுடன் கட்டைகள் நிற்கும். சேமிப்பில் எச்சம் தங்கும் என்று முன்னர்க் கூறியது இவ்விதம் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. முதல் நாளே இதனைச் செய்து காட்டல் நன்று.

வேலையைத் தொடங்குமுன், விளையாட்டின் கோப்புறை முழுவதையும் வேறு பெயரில் நகலெடுத்து, நகலில் மட்டுமே கைவைக்கும் வழக்கத்தை உண்டாக்க வேண்டும். உலகின் சேமிப்புக்குத் தனி நகல் எடுத்து, அதனைக் கணிப்பொறியில் அன்றி வெளி வட்டிலோ பென்டிரைவிலோ வைக்க வேண்டும். எடுத்த நகலை ஒரு முறையேனும் திறந்து பார்த்துவிட வேண்டும்; திறவாத நகல், நகலே அன்று. இங்கே ஒரு சட்டச் செய்தியும் அறியத்தக்கது. முறைப்படி பெற்ற கணிப்பொறி நிரலுக்கு, இழப்பு அல்லது சேதத்திலிருந்து காத்துக்கொள்ளும் பொருட்டு நகல் எடுப்பதை நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்நகலைப் பிறருக்கு வழங்க அது இடந்தருவதில்லை.

அடுத்து, முக்கியமான கோப்புகளின் கைரேகையைக் குறித்துவைத்தல் வேண்டும். 'ஷா-256' என்னும் கணித முறை எவ்வளவு பெரிய கோப்பிலிருந்தும் 64 இலக்கங்கள் கொண்ட பதினாறடிமான எண்ணொன்றைப் பிழிந்து தரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் இந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். இதனைக் கணக்கிடும் கருவி விண்டோஸிலும் லினக்ஸிலும் உடனேயே இருக்கிறது. பொதியின் ஆசிரியர் இந்த எண்ணை வெளியிட்டிருந்தால், இறக்கிய கோப்பு வழியில் சிதையவில்லை என்பதையும் சரிபார்க்கலாம். ஆசிரியரின் கணக்கே திருடப்பட்டிருப்பின் இந்தச் சோதனை காப்பாற்றாது என்பதை மறத்தலாகாது.

மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர்களில், கோப்புகளை நகலெடுக்கும் வேளையில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்பு எஞ்சும். மடிக்கணிப்பொறியாயின் மின்கலம் நிரம்பியிருக்கும்போதும், மேசைக் கணிப்பொறியாயின் யூ.பி.எஸ். இணைந்திருக்கும்போதும் இவ்வேலையைச் செய்க. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் போட்டி விளையாட்டுகளைத் திருத்தலாகாது என்பதையும் மாணவருக்குக் கூறிவிட வேண்டும். அங்கே திருத்தம் ஏமாற்றாகக் கருதப்பட்டு, கணக்கு நிலையாக விலக்கப்படக்கூடும்.

பழுது நேர்ந்தால்

விளையாட்டு நின்றுவிட்டால், முதலில் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, திரையில் உள்ள செய்தியை எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர்க் கடைசியாகச் சேர்த்த பொதியை நீக்கிப் பார்க்க வேண்டும். அதனாலும் சரியாகாவிடில், திருத்திய கோப்புறையை அழிக்காமல் வேறு பெயரிட்டு ஒதுக்கிவிட்டு, மூல நகலிலிருந்து புதிதாகத் தொடங்கலாம். ஸ்டீம் வழியாகப் பெற்ற விளையாட்டாயின், கோப்புகளின் முழுமையைச் சரிபார்க்கும் வசதி அதிலேயே உண்டு. மாறிய கோப்புகளை மட்டும் அது மீண்டும் இறக்கித் தரும். இயக்கமுறைமையைத் தொட வேண்டிய நிலை ஏறக்குறைய எக்காலத்தும் வருவதில்லை. வட்டைத் துடைக்கலாமா என்று திரை கேட்குமாயின், வீட்டில் பெரியவர் ஒருவர் வரும்வரை விடை சொல்லாதிருக்கச் சிறுவர்க்குக் கற்பிக்க வேண்டும். இதனை எம் வீட்டில் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நச்சு நிரல் புகுந்ததாக ஐயம் எழுந்தால் முறை வேறு. உடனே இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வேறொரு தூய கணிப்பொறியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். ஐயத்துக்குரிய யந்திரத்திலிருந்தே மாற்றினால் புதிய சொல்லும் களவுபோகும். பணம் இழந்திருப்பின் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவித்தல் வேண்டும். நச்சு நீக்கும் இலவசக் கருவிகளை அரசாங்கத்தின் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' வழங்குகிறது. இந்நிலையில் மட்டும், தரவுகளின் நகல் வெளியே பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, தெரிந்தவர் ஒருவரின் உதவியோடு இயக்கமுறைமையைப் புதிதாக நிறுவுவது நியாயமே.

சாதாரணப் பழுதாயின் இத்தனை தூரம் செல்ல வேண்டியதில்லை. மூல நகலிலிருந்து மீட்ட கோப்பின் கைரேகை எண்ணை மாணவன் மறுபடியும் கணக்கிட்டு, நோட்டுப் புத்தகத்தில் முன்னர் எழுதிய எண்ணுடன் ஒப்பிடட்டும். 64 இலக்கங்களும் ஒத்திருந்தால் அடுத்த பொதியைச் சேர்த்துப் பார்க்கலாம்.